காற்றுமின் முன்கணிப்பு

காற்றாலைகள் வரும் மணி நேரங்களிலோ நாட்களிலோ எவ்வளவு மின்சாரம் தரும் என்பதை வானிலைப் போக்கிலிருந்து முன்கூட்டியே மதிப்பிடும் முறை. காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். எனவே வேகத்தை 10 விழுக்காடு கூட்டிக் கணித்தால், ஆற்றல் மதிப்பீடு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். சிறு பிழையும் பெரிதாகும் இத்துறையில், வானிலை அறிவிப்பு மட்டும் போதாது. அந்தந்த இடத்துக்கேற்ற திருத்தமும் வேண்டும்.

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்குண்டு விரைகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் காற்றாலைகள் பெருகியது அதனால்தான். ஆண்டுதோறும் வரும் பருவத்துக்குக் கணிப்பு எதற்கு என்று கேட்கலாம். பருவம் தவறாமல் வந்தாலும், அதற்குள் காற்று வலுப்பதும் தளர்வதும் மாறி மாறி நிகழும். இந்திய மின்கட்டமைப்போ ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 கூறுகளாகப் பிரித்து உற்பத்தியைத் திட்டமிடுகிறது. பருவச் சராசரி அதற்கு உதவாது. சில நிமிடங்களுக்கு, இப்போதைய காற்றே நீடிக்கும் எனக் கொள்வது பெரும்பாலும் போதும். பல மணி நேரத்துக்கு அப்பால் கணினி வானிலை மாதிரிகளே துணை. அவை பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களில் கணக்கிடுவதால் குறுகிய கணவாயின் வேகம் மழுங்கிப்போகும். அக்குறையைக் காற்றளவைக் கோபுரங்களின் அளவீடுகளும் காற்றாலைகளின் பழைய உற்பத்திப் பதிவுகளும் ஈடுசெய்கின்றன. கணிப்பு பொய்த்தால் நீர்மின் நிலையங்களும் மின்கலங்களும் இருக்கின்றனவே என்பது மற்றொரு வாதம். உண்மைதான், ஆனால் எவ்வளவு நீரை, எப்போது இருப்பில் வைப்பது என்ற முடிவே முன்கணிப்பைச் சார்ந்தது. பிழையே இல்லாததுபோல் ஒரே எண்ணைச் சொல்லும் கணிப்பைவிட, பிழையின் எல்லையையும் சேர்த்துச் சொல்லும் கணிப்பே மின்கட்டமைப்புக்குப் பயன்படும்.