பருத்திக் காடும் பணத்தாளும்

ராஜபாளையத்தில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவங்க ஒரு பழைய அமெரிக்க நோட்டை அவசியம் பார்க்கணும். உள்நாட்டுப் போரின்போது, 1862-ல், பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட 100 டாலர் தாள் அது. நடுவில் பருத்திக் காடு. கறுப்பின அடிமைகள் குனிந்து களை வெட்டுகிறார்கள். வலப்பக்கம் கொலம்பியா, அதாவது அமெரிக்காவையே பெண்ணாக உருவகித்த தேவதை. இடப்பக்கம் ஜான் கால்ஹூன். அடிமைமுறை நன்மையானது என்று 1837-ல் செனட் சபையிலேயே வாதாடியவர்.

பணத்தில் எதற்கு இத்தனை படம்? அந்தக் காலத்தில் அங்கே ஒவ்வொரு வங்கியும் தனித்தனியாக நோட்டு அடித்தது, கள்ளநோட்டும் ஏராளம். எஃகுத் தகட்டில் நுணுக்கமாகச் செதுக்கிய முகத்தை, சேலை மடிப்பு மாதிரி விழும் உடையை, போலி செய்வது கஷ்டம். செதுக்கும் கம்பெனிகள் தானியத்துக்கு சீரிஸ், சுதந்திரத்துக்கு லிபர்ட்டி என்று தேவதைகளைத் தயாராக வைத்திருந்தன. நம்ம பக்கமும் இந்த வழக்கம் வந்தது. பேங்க் ஆஃப் பெங்கால் நோட்டில் துறைமுகத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பெயர் 'வணிகம்'.

ஆனா தேவதை வெறும் அலங்காரம்தான். இந்த 100 டாலருக்கு உண்மையான ஈடு, நடுவில் குனிந்து நிற்கிறவங்க. சமாதான உடன்படிக்கை முடிந்து ஆறு மாதத்தில் பணம் தருவோம், அதுவரை நாளுக்கு 2 சென்ட் வட்டி என்று தாளிலேயே அச்சடித்திருந்தார்கள்.

வடக்கு அரசு 1861-ல் தென் துறைமுகங்களை அடைத்ததும் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. தூத்துக்குடி வழியாகக் கப்பலேறிய திருநெல்வேலிப் பஞ்சுக்கும் யோகம் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா அப்போ திருநெல்வேலி ஜில்லாதான். 1910-ல்தான் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போச்சு. நம்ம கரிசல் காட்டுக்கு வந்த அந்த நல்ல விலைக்குப் பின்னால், இந்த நோட்டில் இருக்கிற காடும் இருந்தது.

1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலையும் இறங்கியது. உடன்படிக்கை எதுவும் கையெழுத்தாகவில்லை, கூட்டமைப்பே இல்லாமல் போச்சு. 1868-ல் வந்த 14-வது அரசியல் சட்டத் திருத்தம் அதன் கடன் எதுவும் செல்லாது என்றது. விடுதலையான அடிமைகளுக்காக எஜமானர்கள் நஷ்டஈடு கேட்கவும் முடியாது என்று அதே பிரிவிலேயே சொன்னது.

நோட்டும் செல்லாமல் போச்சு. அதற்கு ஈடாக நின்ற மனிதர்கள் யாருக்கும் சொத்து இல்லை என்றும் ஆச்சு. அந்த நோட்டைப் பார்த்தால் தேவதையை விட்டுட்டு நடுப்படத்தைப் பாருங்க.