நீருக்கு விட்டுக்கொடுத்தல்

குற்றாலத்துப் பேரருவி மலையுச்சியிலிருந்து நேரே நம் தலைமேல் விழுவதில்லை. இடையிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பின்னரே கீழிறங்குகிறது. அக்குழி இல்லையேல் அருவியடியில் மனிதர் நிற்பது அரிது. நீரை எதிர்த்து நிற்பதைவிட, அதன் வேகம் அடங்க இடம் கொடுப்பதே நல்லது என்பதற்கு இயற்கையே வைத்த சான்று அது.

அருவியிலிருந்து இறங்கும் சிற்றாறு தென்காசியைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழிநெடுக அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் திருப்பிக் குளங்களை நிரப்புகின்றன. நிலம் கிழக்கே சரிவதால் குளங்களின் பெருங்கரை பெரும்பாலும் கிழக்கில் அமையும். ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் பாயும் மேல்காற்று அலைகளைக் கொண்டுவந்து மோதுவதும் அதே கரையில்தான். அலை மண்ணை அரித்துவிடாதிருக்கவே கரையின் உட்சரிவில் கல் பதித்தார்கள்.

இன்னொரு பகை பெருவெள்ளம். மண்கரையைத் தாண்டி நீர் வழிந்தால் கரை நிற்காது. அதற்கான வடிகாலை நெல்லைச் சீமையில் மறுகால் என்போம். தமிழகத்துப் பழைய கலிங்குகள் பலவற்றின் மேல் கல்தூண்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அத்தூண்களின் இடைவெளியை மண்ணும் வைக்கோலும் கொண்டு அடைத்து, கூடுதல் நீரைத் தேக்குவார்கள். வெள்ளம் வந்தால் அந்த அடைப்பை வெட்டிவிடுவார்கள்.

உறைபனி நாடுகளிலும் இதே அறிவைக் காண்கிறோம். நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. வட அமெரிக்க ஏரிகளில் பனிப்பாளம் படகுத்துறைத் தூண்களைப் பற்றி மேலே பிடுங்கும். பனி உருகும் காலத்தில் காற்றில் நகரும் பாளங்கள் அவற்றை இடித்துத் தள்ளும். ஆகவே பலர் குளிருக்கு முன்பே துறையைக் கழற்றிக் கரையேற்றிவிடுகிறார்கள். கழற்ற இயலாத இடங்களில் அடியிலிருந்து காற்றுக்குமிழிகளைச் செலுத்தி, ஆழத்திலுள்ள சற்றே வெப்பமான நீரை மேலே கொணர்ந்து, தூண்களைச் சுற்றி உறையாமல் காக்கிறார்கள். அங்கே கழற்றப்படும் பலகையும் இங்கே வெட்டப்படும் அடைப்பும் ஒன்றே. இரண்டுக்கும் பருவத்தை அறிந்து, உரிய நாளில் வந்து நிற்கும் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார் என்பதே நம் பாசன வரலாற்றின் மையக் கேள்வி. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. பின்னாளில் ஊரார் கூடிச் செய்த பராமரிப்பு குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கிலேய ஆட்சியில் அவ்வழக்கம் தளர்ந்தபோது, சென்னை மாகாணத்தில் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. உரிமையும் பொறுப்பும் சேர்ந்திருந்த ஒரு வழக்கத்தைத் தண்டனையால் மீட்க முயன்ற சட்டம் அது.

இங்கே தென்காசியின் கல்வெட்டொன்று நினைவுக்கு வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேருமாயின் அதைச் செப்பனிட்டுக் காப்போரின் அடிகளை வணங்குவதாகப் பொறித்து வைத்தான். கட்டியவன் தன் புகழைப் பாடிக்கொள்ளும் இடத்தில், பழுதுபார்க்கப் போகும் முகமறியாத ஒருவரைப் பணிகிறான். அக்கோயிலின் கோபுரம் பிற்காலத்தில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்று, 1990-இல்தான் மீண்டும் ஒன்பது நிலைகளோடு எழுந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் குளங்கள் பல உடைந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அத்தகைய மழையை எந்தக் கரையும் முழுதாகத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மறுகாலில் மண்டிய கருவேலமும், தூர்ந்த வாய்க்காலும், பெயர்ந்த கல்லும் மழையின் குற்றங்கள் அல்ல. குளத்தை வெட்டியவர் பெயரைக் கல்லில் தேடுகிறோம். நள்ளிரவு மழையில் அடைப்பை வெட்டப் போனவர் பெயர் எங்கும் இல்லை. ஓர் அரசன் வணங்கியது அவரைப் போன்றவரைத்தான்.