சமய வடிவ இயந்திர எம்பிராய்டரி

சமயச் சின்னங்கள், திருப்பெயர்கள், மறைநூல் வசனங்கள் ஆகியவற்றைக் கணினி எம்பிராய்டரி இயந்திரத்தால் துணியில் தைத்துக் கைவினைப் பொருள்களாக்கும் தொழில். பீட விரிப்பு, பைபிள் உறை, பூஜையறைத் திரை, தோரணம், தொழுகை விரிப்பு, பரிசுப் பை என இதன் பயன் விரிகிறது. வீட்டில் ஒற்றைத் தலை இயந்திரம் வைத்திருப்பவர்களும் பல தலை இயந்திரங்கள் ஓடும் பட்டறைகளும் இதைச் செய்கிறார்கள். இயந்திரத்துக்கு வடிவம் என்பது ஊசி எங்கே இறங்க வேண்டும் என்னும் கட்டளை வரிசைதான். எது சிலுவை, எது வெறும் பூ என்று அதற்குத் தெரியாது. பொருளறிந்து வடிவத்தைத் தேர்வதும் அந்தப் பொருள் கெடாமல் தைத்து முடிப்பதும் முழுக்கத் தைப்பவரின் பொறுப்பு.

வழிபாட்டுத் துணிகளில் நூல்வேலை செய்வது மிகப் பழைய கலை. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் கையால் தைத்த திருவுடைகள் ‘ஓபஸ் ஆங்கிலிக்கானம்’ என்ற பெயரில் ஐரோப்பா முழுதும் போற்றப்பட்டன. 1828இல் மியூலூஸ் நகரில் ஜோசுவே ஹைல்மன் கையால் இயக்கும் எம்பிராய்டரி இயந்திரத்தை உருவாக்கினார். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசக் க்ரோப்லி, நாடாவுடன் ஓடும் ஷிஃப்லி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். கணினி வந்தபின் வடிவங்கள் டிஎஸ்டி, பிஇஎஸ் போன்ற கோப்புகளாக மாறின. படத்தைத் தையல் கட்டளைகளாக மாற்றும் வேலையைத் தொழிலில் ‘பன்ச்சிங்’ என்கிறார்கள்.

இடமறிந்து தேர்தல்

வடிவத்தைத் தேர்வதற்கு முன் அந்தத் துணி எங்கே விரியப்போகிறது, யார் கையில் இருக்கப்போகிறது என்று கேட்க வேண்டும். கத்தோலிக்கத் திருப்பலியில் கிண்ணத்துக்கும் அப்பத்தட்டுக்கும் கீழே விரிக்கும் சதுர லினன் துணி இதற்கு நல்ல சான்று. அதன் நடுவில் பெரிய சிலுவை போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அங்கேதான் கிண்ணம் நிற்கும். புடைத்த தையல் அதைச் சாய்க்கலாம். அப்பத்தின் துணுக்குகள் நூலிடுக்கில் சிக்கிக்கொள்ளவும் கூடும். எனவே மரபாக, குருவுக்கு நேரான முன் ஓரத்தின் நடுவில் சிறு சிலுவை ஒன்றை மட்டும் வெள்ளை நூலில் தைக்கிறார்கள். கிண்ணம் துடைக்கும் துணியிலும் அப்படியே: ஒரு சிறு சிலுவை போதும், துணி ஈரத்தை உறிஞ்சும் தன்மையை இழக்கக்கூடாது. அடிக்கடி துவைத்து இஸ்திரி போடும் துணிகள் என்பதால் அடர்த்தி குறைந்த வடிவமே நீடிக்கும்.

குருவின் தோளிலிருந்து தொங்கும் ஸ்டோலுக்கு நிறமே முதல் வழிகாட்டி. பொதுக்காலத்துக்குப் பச்சை, திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா, தூய ஆவிப் பெருவிழாவுக்கும் புனித வெள்ளிக்கும் சிவப்பு, கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் வெள்ளை. கோதுமைக் கதிரும் திராட்சைக் கொத்தும் எந்த நிறத்திலும் பொருந்தும். கொடி ஏந்திய ஆட்டுக்குட்டி உயிர்ப்பின் வெற்றியைச் சொல்வது; அதை ஊதாவில் தைத்தால் காலமும் சின்னமும் முரண்படும். சிலுவையிலும் வகை உண்டு. 1547இல் சென்னைப் பரங்கிமலையில் கிடைத்த, பஹ்லவி எழுத்துகள் சூழ்ந்த கற்சிலுவையின் வடிவம் தமிழகக் கிறிஸ்தவப் பொருள்களுக்கு எங்கிருந்தோ தரவிறக்கிய அலங்காரச் சிலுவையைவிட ஆழமான பொருத்தம் தரும்.

தரையில் மிதிபடும் விரிப்பு, முகம் துடைக்கும் துண்டு போன்றவற்றில் இறைப்பெயரையோ வசனத்தையோ தைக்கவே கூடாது. இஸ்லாமியப் பொருள்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதல்: தொழுகை விரிப்புக்கு வடிவியல் கோலமோ வளைவு மாடமோ போதும், மறை வசனம் வேண்டாம். சுவரில் மாட்டும் துணிக்கு எழுத்தணி தாராளமாக வரலாம். நேர்க்கோடுகளால் ஆன கூஃபி என்னும் அரபு எழுத்துவகை இயந்திரத் தையலுக்கு இயல்பாகவே இசையும்.

திசை

இயந்திரத் திரையில் வடிவத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தான் ஒன்று உண்டு. பூஜையறைத் திரைச்சீலையின் இரு பாதிகளிலும் ஒன்றையொன்று பார்க்கும் மயில்கள் வேண்டுமென்றால் அது வரம். சமயச் சின்னங்கள் பலவற்றுக்கு அதுவே ஆபத்து. இடம்புரி விநாயகர் ஒரே தொடுதலில் வலம்புரி ஆகிவிடுவார்; வலம்புரிக்கு வழிபாட்டு முறை கண்டிப்பானது என்று நம்பும் வீடுகள் பல. ஸ்வஸ்திகமும் திசை மாறிவிடும். திருமாலின் வலக்கையில் சக்கரம், இடக்கையில் சங்கு. ஆகவே பார்ப்பவருக்குச் சக்கரம் இடப்புறமும் சங்கு வலப்புறமும் அமைய வேண்டும். திரைச்சீலையில் நாமத்தின் இருபுறமும் இவற்றை வைப்பவர்கள் இதை முதலில் சரிபார்ப்பது நல்லது. நாமத்திலும் தென்கலைக்குக் கீழே பாதம் உண்டு, வடகலைக்கு இல்லை. வாங்கும் கோயில் எந்தக் கலை என்று கேட்காமல் ஊசியை இறக்கக்கூடாது.

எழுத்து

பழுது அதிகம் நேர்வது எழுத்தில்தான். ‘கர்த்தர்’ என்ற சொல்லில் மூன்று புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் சில தையல்களே கொண்டது. எழுத்துக்கும் புள்ளிக்கும் இடையே தாவிய நூலைக் கத்தரிக்கும்போது கத்திரிக்கோல் சற்றே ஆழமாகப் போனால் புள்ளி பிரிந்து வந்துவிடும். திருப்பெயர் பிழையாக நிற்கும். இதைத் தடுக்க, புள்ளியின் தொடக்கத்திலும் முடிவிலும் பூட்டுத் தையல் கொடுக்க வேண்டும். வசனம் முழுதும் தைத்துவிட்டுக் கடைசியில் புள்ளிகளுக்கு வராமல், ஒவ்வொரு புள்ளியையும் அதன் எழுத்து முடிந்த உடனே தைக்கும்படி வரிசைப்படுத்துவதும் உதவும். அரபியில் இது இன்னும் கூர்மையான சிக்கல்: கீழே ஒரு புள்ளி இருந்தால் ‘பா’, மேலே இரண்டு இருந்தால் ‘தா’, மூன்று இருந்தால் ‘ஸா’; அடிவடிவம் ஒன்றே.

லத்தீன் பெரிய எழுத்துகள் 5, 6 மி.மீ. உயரத்திலேயே தெளிவாக வரும். தமிழுக்கு அது போதாது. மூன்றுசுழி ‘ண’வில் சுழிகள் அடைபட்டு ‘ன’ போலத் தோன்றிவிடும். சிறிய எழுத்து தவிர்க்க முடியாதபோது வழக்கமான 40ஆம் எண் நூலை விட்டு, மெல்லிய 60ஆம் எண் நூலையும் 65 அளவு ஊசியையும் பயன்படுத்தலாம். வசனத்தின் பாடத்தையும் வாங்குபவரிடம் கேட்டே எழுத வேண்டும். சீர்திருத்தச் சபையினர் ‘சங்கீதம்’ என்பதைக் கத்தோலிக்கர் ‘திருப்பாடல்கள்’ என்கிறார்கள். பரிசுப்பொருளில் இது மாறிவிட்டால் பெறுபவருக்கு அந்நியமாகப் படும்.

தையல்

எளிய சிலுவைகூட இயந்திரத்தில் எளிதல்ல. நெடுங்கட்டைக்கும் குறுங்கட்டைக்கும் தனித்தனியாகச் சாட்டின் தையல் (குறுக்காக நெருங்கி ஓடும் தையல்) போட்டால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நூல் இரட்டிப்பாகக் குவிந்து கட்டியாகும். ஊசி உடைவதும் பெரும்பாலும் அங்கேதான். பன்ச்சிங் செய்யும்போதே ஒரு கட்டையைச் சந்திப்பில் வெட்டிவிட வேண்டும். சாட்டின் தையல் துணியைத் தன் போக்கில் உள்ளிழுப்பதால் கட்டை திரையில் தெரிந்ததைவிட ஒல்லியாகவும் வரும். அந்த இழுவைக்கு ஈடாக அகலத்தைச் சற்றுக் கூட்டி, அண்டர்லே எனும் அடித்தையல் கொடுப்பது வழக்கம். கோப்பை 10, 20 விழுக்காட்டுக்கு மேல் சுருக்குவதாகவோ பெருக்குவதாகவோ இருந்தால் அடர்த்தியை மறுபடி கணக்கிடும் மென்பொருள் தேவை.

இயேசு, மரியா, தெய்வ உருவங்களின் முகங்களை, துணியை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ரேம் சிறியதாக இருந்தால் தைக்காமல் விடுவதே நல்லது. 10 செ.மீ. சதுரத்துக்குள் முழு உருவம் வந்தால் கண்ணுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று தையல்தான். பார்வை கோணலானால் பக்தியோடு வாங்கியவர் மனம் நோகும். வேலும் மயிலிறகும், புறாவும் சுடரும் அந்த இடத்தில் நிறைவாகவே பேசும்.

நூலின் தேர்வு துணியைப் பொறுத்தது. வெளுக்கும் லினனுக்கு ரேயானைவிடப் பாலியஸ்டர் தாங்கும், ஆனால் இஸ்திரியைப் பின்பக்கமிருந்து போட வேண்டும். ஜரிகை நூலுக்குக் கண் பெரிய 90 அளவு ஊசியும் குறைந்த வேகமும் தேவை. வெல்வெட்டை ஃப்ரேமில் இறுக்கினால் தடம் விழும், பிறகு அது மறையாது. எனவே அடியில் வைக்கும் பேப்பரை மட்டும் ஃப்ரேமில் பூட்டி, துணியை அதன்மேல் ஒட்டித் தைக்கிறார்கள். மேலே நீரில் கரையும் படலம் வைத்தால் தையல் மயிரிழைக்குள் அமிழாது. ஸ்டோலின் இரு முனைகளிலும் உள்ள வடிவங்கள் அணிந்த நிலையில் ஒரே உயரத்தில் நிற்க, கழுத்து நடுவிலிருந்து இருபுறமும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வாங்கிய வடிவக் கோப்பு, பொதுவாகத் தைத்த பொருளை விற்க மட்டுமே உரிமை தரும். கோப்பைப் பிறருக்கு விற்கவோ பகிரவோ அல்ல. தென்னிந்தியத் திருச்சபையின் சிலுவையும் தாமரையும் சேர்ந்த சின்னம் போன்ற நிறுவன முத்திரைகளைப் பொருளில் தைத்து விற்பதற்கு அந்தந்த அமைப்பின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும்.