அகதி

‘கதி’ என்ற வடசொல்லுக்குச் செல்கை, வழி, புகலிடம் எனப் பல பொருள்கள் உண்டு. ‘நீயே கதி’ என்று சாமி முன்னால் நின்று சொல்கிறோமே, அதே கதிதான். முன்னால் ஓர் ‘அ’ சேர்ந்தால் போதும், போக்கிடமே இல்லாமல் போய்விடுகிறது.

1995 அக்டோபர் 30 இரவு. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் போருக்கு அஞ்சி மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தருகே சனம் நெருக்கியடித்தது. பிள்ளைகளும் அந்த நெரிசலில்தான் நடந்தார்கள். ஈழத்தவர் அந்த இரவை இன்றும் ‘இடப்பெயர்வு’ என்றே சொல்கிறார்கள். கடல் தாண்டித் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்கு வந்த பிள்ளைகள்மீதோ ‘அகதி’ என்பது அரசுப் பதிவாகவே ஒட்டிக்கொண்டது. முகாமிலேயே பிறந்த குழந்தையையும் அது விடவில்லை. எங்கிருந்தும் ஓடிவராத குழந்தை அது!

தனித்தமிழ் விரும்புவோர் ‘ஏதிலி’ என்று எழுதுகிறார்கள். திருக்குறளில் ‘ஏதிலார்’ என்றால் அயலார். அகதி, வழியற்றவரின் நிலையைச் சொல்கிறது; ஏதிலி, வாசலில் நிற்பவரை வீட்டுக்காரர் பார்க்கும் பார்வை. குழந்தையை அயலார் என்பதைவிட வழியற்றது என்பதே நேர்மை.

‘இலங்கை அகதிகள் முகாம்’ இனி ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அழைக்கப்படும் எனத் தமிழக முதல்வர் 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் அறிவித்தார்.