நாட்ச் சிகரம்

நாட்ச் சிகரம் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பாலைநிலத்தில், யூட்டா மாநிலத்து மில்லர்டு மாவட்டத்தில், ஹவுஸ் மலைத்தொடரின் நடுப்பாகத்தில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,940 மீட்டர் உயரத்தில் நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சிகரம். இதன் கீர்த்திக்குக் காரணம் உயரமன்று. அதே தொடரில் வடக்கே உள்ள ஸ்வேஸி சிகரம் இதனினும் சில மீட்டர் உயர்ந்தது. வடமேற்குப் புறத்தில், இடையே தங்குவதற்கொரு சரிவுமின்றி ஏறத்தாழ 670 மீட்டர் செங்குத்தாக இறங்கும் பிரம்மாண்டமான பாறைச் சுவரே இதற்குப் பெயர் தேடித் தந்தது. வட அமெரிக்காவின் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகளில் இதற்கு நிகரானவை மிகச் சிலவே. இத்தனை பயங்கரமான முகம் படைத்த மலையின் உச்சிக்குக் கயிறோ ஆணியோ இல்லாமல் சாதாரண நடையாகவே போய்விடலாம் என்பதுதான் இதன் விசேஷம். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதற்கு விடை, மலை பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

சிகரம் அமைந்துள்ள பிரதேசம் ‘கிரேட் பேசின்’ எனப்படும் பெரும் வடிநிலம். இங்கே பிறக்கும் ஆறு எதுவும் சமுத்திரத்தை அடைவதில்லை. கிழக்கே ஓடிவரும் செவியர் ஆறுகூட, பெரும்பாலான காலம் உப்புப் பரப்பாகவே கிடக்கும் செவியர் ஏரியில் வந்து முடிகிறது. குதிரைமசால் பயிரிடும் டெல்ட்டா என்னும் சிற்றூரே அண்மையிலுள்ள ஊர். அதைவிட்டு மேற்கே புறப்பட்டால், நெவாடா எல்லை வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் நீரோ எரிபொருளோ கிடைக்கும் இடம் கிடையாது. நெடுஞ்சாலையிலிருந்து வடக்கே பிரியும் மண்பாதை சாம்பல் நிறப் புதர்வெளியைக் கடந்து மலையின் கிழக்கடிவாரத்தை அடைகிறது. 1859-இல் இவ்வழியே நிலஅளவை செய்துகொண்டு சென்ற ராணுவப் பொறியாளர் ஜேம்ஸ் சிம்ப்சன், அடுக்கடுக்கான பாறைகள் மாடங்களும் ஸ்தூபிகளும் கொண்ட கட்டடங்களைப் போலத் தோன்றியமையால், இத்தொடருக்கு வீட்டின் பெயரையே இட்டார்.

இம்மலையின் பூர்வ சரித்திரம் சுமார் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தில், இவ்விடம் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தபோது தொடங்குகிறது. அக்கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறும் களிமண்ணும் அடுக்கின்மேல் அடுக்காக இறுகியவையே இன்றைய பாறைகள். சிகரத்தின் மேற்பாகத்தைச் சேர்ந்த பாறைத் தொகுதி இச்சிகரத்தின் பெயராலேயே வழங்குகிறது. தொடரின் வடபாகத்தில் வெளிப்படும் வீலர் களிப்பாறையில் டிரைலோபைட்டு என்னும் கடற்பிராணியின் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நாணயம் அளவே உள்ள எல்ராதியா இனத்துப் படிவங்கள், கல்லைத் தட்டினால் முழு உருவத்தோடு தனியே பெயர்ந்து வருமளவுக்குத் தெளிவானவை. பிற்காலத்தில் கனடாவின் பர்ஜெஸ் களிப்பாறையைக் கண்டறிந்து புகழ் பெற்ற சார்லஸ் வால்காட், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இத்தொடரில் உழைத்து, இப்பாறைத் தொகுதிகள் பலவற்றுக்குப் பெயர் வைத்தார்.

பதினேழு கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த பாறைக் குழம்பு இவ்வடுக்குகளுக்கிடையே புகுந்து உறைந்தது. வெளிர்ந்த இளஞ்சிவப்பு நிறமுடைய அக்கருங்கல் இன மான்சொனைட் இன்றும் செங்குத்தின் அடிப்புறத்தில் வெளிப்பட்டு நிற்கிறது. அதன் வெம்மை பட்ட சுண்ணாம்புப் பாறை உருமாறியதால் பிறந்த டங்ஸ்டன் தாதுவை நாடிச் சுரங்கம் தோண்டியவர்களும் உண்டு. ஆனால் மலையை மலையாக்கியது இந்தத் தீயன்று. மேற்கு அமெரிக்காவின் நிலஓடு கிழக்கு மேற்காக இழுபட்டு விரிந்து, பிளவுபட்டு, ஒரு பாளம் தாழ மறு பாளம் சாய்ந்தெழுந்த நிகழ்ச்சியே, அதற்கு வெகு பின்னர், கடந்த இரண்டு கோடி ஆண்டுகளுக்குள் இத்தொடரை உயர்த்தியது. இப்பிரதேசத்து மலைகள் மடிப்புகளால் அன்றிப் பிளவுகளால் எழுந்தவை என்பதை 1870-களிலேயே எடுத்துரைத்த குரோவ் கார்ல் கில்பர்ட், ஹவுஸ் மலைத்தொடரைத் தம் வாழ்நாளின் இறுதி வரை மறக்கவில்லை. அதைப் பற்றிய அவரது ஆராய்ச்சி அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1928-இல் வெளிவந்தது. தரையில் அமர்ந்து எழுதும் கணக்குப்பிள்ளையின் சாய்வுமேசையைப் போல, இத்தொடர் கிழக்கே மெல்லச் சரிந்தும் மேற்கே சடக்கென்று முறிந்தும் நிற்கிறது. யாத்திரிகன் ஏறுவது அந்தச் சாய்வின் மேல். செங்குத்து அவன் காணாத மறுபுறத்தில்.

ஏறும் வழி கிழக்கடிவாரத்தில் உள்ள சாடூத் மலையிடுக்கில், ஒரு பழைய கற்குடிசைக்கு அருகே தொடங்குகிறது. உச்சி வரை தூரம் ஆறரைக் கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 850 மீட்டர். வெட்டப்பட்ட பாதை என்று பெரும்பாலும் ஒன்றில்லை. மழைநீர் எப்போதாவது பாய்ந்தோடும் வறண்ட ஓடைப்படுகையே பாதை. தொடக்கத்திலேயே அது இரண்டாகப் பிரியும் இடத்தில் இடக்கைப் பக்கத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும். சிறிது தூரத்தில் இருபுறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வருகின்றன. கடலடியில் படிந்த அடுக்குகளை வெள்ளம் அரிந்து வழவழப்பாக்கியிருக்கிறது. ஆங்காங்கே ஆளுயரத்துக்கும் குறைவான பாறைப் படிகளைக் கையூன்றி ஏற நேரிடும். பினியன் பைனும் ஜூனிப்பரும் சுவர்களின் விளிம்பில் நிழல் தருகின்றன. மேலே செல்லச் செல்ல இடுக்கு விரிந்து, சரளைச் சரிவாகி, இரு குன்றுகளுக்கிடையே உள்ள தாழ்வான கழுத்தில் முடிகிறது.

இவ்வளவு நேரமும் வழியில் செங்குத்தின் அடையாளம் எதுவும் தென்படுவதில்லை. கழுத்தின் மீது கால் வைத்த மாத்திரத்தில் நிலம் அற்றுப்போகிறது. எதிரே வெறும் ஆகாயமும், பாதத்துக்குக் கீழே வெகு ஆழத்தில் டூலி பள்ளத்தாக்கின் வெளிறிய தரையும் நிற்கின்றன. உச்சிக்கும் அத்தரைக்கும் இடையே உள்ள உயர வித்தியாசம் 1,500 மீட்டர் அளவாகும். நெடுந்தூரம் கண்டு பழகிய பின் நெருங்கும் செங்குத்துகள் உலகில் பல உண்டு. முன்னறிவிப்பின்றி இப்படி ஒரே அடியில் வெளிப்படும் செங்குத்து அபூர்வம், இதை நேரில் அறிவதற்காகவே இம்மலைக்குப் போகலாம் என்று துணிந்து கூறலாம். விளிம்புப் பாறை உதிரும் தன்மையுடையது. காற்றும் இங்கே பலமாக வீசும். ஆகையால் விளிம்பை அணுகுவோர் படுத்தபடியே எட்டிப் பார்ப்பது உத்தமம். கழுத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் கடைசி ஏற்றம் குறுகியதேயாயினும் செங்குத்தானது.

உச்சியிலிருந்து மேற்கே டூலி பள்ளத்தாக்கும், அதற்கப்பால் கன்பியூஷன் மலைத்தொடரும், எல்லைக்கு அப்பால் நெவாடாவில் 3,982 மீட்டர் உயர்ந்த வீலர் சிகரமும் புலனாகின்றன. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன் போன்வில் என்னும் மாபெரும் ஏரி இப்பள்ளத்தாக்குகளை நிரப்பியிருந்தது. அதன் கரைகளை அலைகள் செதுக்கிய தளங்கள் இன்றும் மலையடிகளில் கிடைக்கோடுகளாகத் தெரிகின்றன.

சிகரத்தின் மேற்பாகத்தில் வளரும் பிரிஸில்கோன் பைன் மரங்களைத் தனியே குறிப்பிட வேண்டும். மண்ணற்ற சுண்ணாம்புச் சரிவில், மற்ற விருட்சங்கள் வாழ மாட்டாத குளிரிலும் வறட்சியிலும், மிக மெதுவாக வளர்வதாலேயே இவற்றின் மரம் பிசின் நிறைந்து இறுகி, பூச்சிக்கும் அழுகலுக்கும் இடந்தராமல் நெடுங்காலம் நிலைக்கிறது. முதிர்ந்த மரத்தில் பட்டையின் ஒரு கீற்றே உயிரோடிருந்து ஒரு கிளையைப் பசுமையாக வைத்திருக்கும். வீலர் சிகரத்தில் 1964-இல் ஆராய்ச்சிக்காக வெட்டப்பட்ட இவ்வினத்து மரம் ஒன்றில் 4,862 வளையங்கள் எண்ணப்பட்டன. அம்மரம் வெட்டப்பட்டிருக்கலாகாது என்பதே இக்கட்டுரையாளரின் திடமான எண்ணம். நாட்ச் சிகரத்தில் கீழே விழுந்து கிடக்கும் மரத்துண்டைக்கூட எடுத்து எரிக்காமலிருப்பது ஒவ்வொருவருக்கும் கடமை. பட்டுப்போன மரத்தின் வளையங்களிலும் பண்டைய மழையின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

வசந்தத்தின் பிற்பகுதியும் இலையுதிர் காலமும் ஏறுவதற்கு உகந்தவை. குளிர்காலத்தில் மேற்பாகம் பனியால் மூடும். வழி முழுவதிலும் ஜலம் கிடையாது. முழு நாளுக்கும் வேண்டியதைச் சுமந்தே ஏற வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பிற்பகல் தோறும் இடிமேகம் திரளக்கூடும். அப்போது உச்சியில் நிற்பது மின்னலுக்கு இலக்காவதாகும், இறங்கும் இடுக்கோ மழைநீர் பாயும் வாய்க்காலாகிவிடும். மலையின் வேறொரு மூலையில் பெய்த மழையும் அவ்விடுக்குக்கே வந்து சேரும் என்பதால், மேகம் தலைக்கு மேல் இல்லாதபோதும் எச்சரிக்கை அவசியம். நண்பகலுக்கு முன்பே உச்சியை விட்டு இறங்குவது இங்கு அனுபவசாலிகளின் வழக்கம். நிலம் கூட்டரசின் பொதுநில நிர்வாகத்தைச் சேர்ந்தது. காவலரும் கைப்பிடிக் கம்பிகளும் இங்கு இல்லை. புறப்படுமுன் திரும்பும் நேரத்தை ஊரில் ஒருவரிடம் சொல்லிவைப்பது நலம்.