மெஜந்தா லைனில் டிரைவரைக் காணோம்

ஜனக்புரியிலிருந்து மலை மந்திருக்குப் போக முன்பெல்லாம் இரண்டு பஸ் மாற வேண்டும். இப்போது ஜனக்புரி மேற்கில் மெஜந்தா லைன் மெட்ரோவில் ஏறி வசந்த் விஹாரில் இறங்கி, ஒரு ஆட்டோ பிடித்தால் முருகன் வந்துவிடுவார். போன கிருத்திகைக்கு அப்படிக் கிளம்பினோம். ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழைவதையே பார்த்துக்கொண்டிருந்த பையன் கேட்டான்: "அப்பா, முன்னாடி கண்ணாடிக்குப் பின்னால யாருமே இல்லையே, யாரு ஓட்டுறாங்க?"

"கம்ப்யூட்டர்" என்று சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன். தங்கமணி விடவில்லை. "2017-ல சுவத்தை இடிச்சுக்கிட்டு வெளியில வந்து நின்னுச்சே, அந்த லைன்தானே இது?"

அதே லைன்தான். 2018 மே மாதம் எங்கள் பேட்டைக்கே ரயில் வந்தும், அடுத்த ஒரு வருஷம் நாங்கள் அதில் ஏறவில்லை. அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. சஷ்டி, கிருத்திகை எல்லாம் பஸ்ஸில்தான். நாங்கள் பயந்தது சரியான விஷயத்துக்குத்தானா என்று பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். பையனுக்கும் பதில் பாக்கி இருக்கிறதே, அதனால் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. டிரைவர் ஒரே நாளில் காணாமல் போகவில்லை. அவர் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. டிரைவர் இல்லாத ரயிலில் முதலில் பயணம் செய்தது மனிதர்கள்கூட இல்லை, கடிதங்கள்! லண்டனில் தெருவுக்கு அடியில் சுமார் பத்தரை கிலோமீட்டருக்குச் சுரங்கம் தோண்டி, 1927-லிருந்து 2003 வரை ஆளில்லாத குட்டி மின்சார ரயில்களில் தபால் மூட்டைகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மனிதர்களை அப்படி ஏற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. 1968-ல் அதே லண்டனில் விக்டோரியா லைன் திறந்தபோது, கிளம்புவது, வேகம் பிடிப்பது, அடுத்த ஸ்டேஷனில் சரியாக நிற்பது எல்லாம் ரயிலே செய்தது. டிரைவரும் முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, கிளம்பும் பொத்தானை அழுத்துவது அவர் வேலை.

பொத்தானையும் விட்டுவிட்டு மனிதர்களை ஏற்றிப் போனது ஜப்பானின் கோபே நகரம், 1981-ல். இரண்டு வருஷம் கழித்து பிரான்சின் லீல். 1998-ல் பாரிஸ் மெட்ரோவின் 14-வது லைன். பாரிஸ்காரர்கள் அதோடு நிற்கவில்லை. 1900-ல் திறந்த தங்கள் முதல் லைனையே, தினசரி சர்வீஸை நிறுத்தாமல், 2012-க்குள் டிரைவர் இல்லாததாக மாற்றிக் காட்டினார்கள். புதிதாகக் கட்டுவதைவிட இதுதான் பெரிய வித்தை என்பது என் கட்சி.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24-ஆம் தேதி ஓடியது. எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை, மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. டெல்லியில் 2002 டிசம்பர் 24-ஆம் தேதி ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரையிலான லைனை வாஜ்பாய் திறந்து வைத்தார். அந்த லைனில் டிரைவர் ஓட்டினார், வேகம் மீறினால் பிரேக் போட மட்டும் கருவி இருந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த மஞ்சள் லைனில் விக்டோரியா லைன் கதை. ஓட்டுவது ரயில், பொத்தானும் கதவும் டிரைவர். ராஜீவ் சௌக்கில் தினமும் இடிபட்டுக்கொண்டு ஏறிய நம்மில் பலர், பாதி தானியங்கி ரயிலில்தான் போகிறோம் என்று தெரியாமலே போயிருக்கிறோம்.

மூன்றாம் கட்டத்தில் வந்தவைதான் மெஜந்தாவும் பிங்க்கும். ரயில்களுக்குக் கொரியாவின் ஹூண்டாய் ரோட்டெம், மெஜந்தாவின் சிக்னலுக்கு ஜப்பானின் நிப்பான் சிக்னல். பழைய முறையில் தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு ரயில் இருந்தால் அடுத்ததை உள்ளே விடமாட்டார்கள். புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். பின்னால் வரும் ரயிலுக்கு எதுவரை வரலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லப்படும். முன்னால் போகும் ரயில் நகர நகர அந்த எல்லையும் நகரும். அதனால் 90, 100 விநாடி இடைவெளியில்கூட ரயில் விட முடியும். விடியற்காலையில் ரயிலே 'விழித்து', தன்னைத் தானே சோதித்துக்கொண்டு டிப்போவிலிருந்து கிளம்பி வரும். ராத்திரி தானே போய் நின்றுகொள்ளும். (எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிறவருக்கு இந்தத் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை.)

இனி தங்கமணியின் சுவர். 2017 டிசம்பர் 19-ஆம் தேதி மதியம், காளிந்தி குஞ்ச் டிப்போவில் ஒரு ரயில் சரிவில் பின்னோக்கி உருண்டு, சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆறு நாள் கழித்து பொட்டானிக்கல் கார்டனிலிருந்து கால்காஜி மந்திர் வரையிலான முதல் பகுதியைப் பிரதமர் மோடி திறந்து வைப்பதாக இருந்தது. டிவி சானல்களுக்குக் கேட்க வேண்டுமா? 'டிரைவர் இல்லாத ரயில் சுவரில் மோதியது' என்று நாள் முழுக்க ஓட்டினார்கள்.

மெட்ரோ நிர்வாகம் சொன்ன காரணம் வேறு. பராமரிப்புக்காக உள்ளே போயிருந்த ரயிலை வெளியே எடுக்கும்போது பிரேக்கைச் சோதிக்காமல் எடுத்துவிட்டார்கள். டிரைவர் இல்லாமல் ஓடும் ஏற்பாடு அங்கே அப்போது வேலையே செய்யவில்லை. ரயிலை நகர்த்தியது மனிதர்கள், சோதிக்க மறந்ததும் மனிதர்கள். அலட்சியம் என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டு சிலரை சஸ்பெண்ட் செய்தது. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. காலியாக இருக்கும் சீட்டைப் பார்த்து ஒரு வருஷம் பயந்திருக்கிறோம். பயப்பட வேண்டியது நம் கண்ணில் படாத டிப்போவில் யாரோ போட வேண்டிய கையெழுத்தைப் பற்றி. டிரைவர் இருக்கும் ரயிலுக்கும் அதே டிப்போ, அதே கையெழுத்துதான்.

டிசம்பர் 25-ஆம் தேதி திட்டமிட்டபடியே திறப்பு விழா நடந்தது. 2018 மே மாதக் கடைசியில் லைன் ஜனக்புரி மேற்கு வரை நீண்டது. ஆனால் டிரைவர் சீட்டில் டிரைவர் இருந்தார்! கருவி தயார், விதி தயாரில்லை. அப்போதைய மெட்ரோ விதிகளில் டிரைவர் இல்லாத ரயிலுக்கு இடமே கிடையாது. நடுவில் கொரோனா வந்து 2020-ல் 169 நாள் மெட்ரோவே ஓடவில்லை. அந்த வருஷ டிசம்பரில்தான் மத்திய அரசு விதியைத் திருத்தியது. டிசம்பர் 28-ஆம் தேதி சுமார் 37 கிலோமீட்டர் மெஜந்தா லைனில், இந்தியாவில் முதல் தடவையாக, டிரைவர் இல்லாத சேவை தொடங்கியது. அடுத்த வருஷம் நவம்பரில் பிங்க் லைன்.

அப்போதும் ரயிலில் ஓர் ஊழியர் இருந்தார். ஓட்டுவதற்கு இல்லை, ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ள. கிளம்புவது, நிற்பது, கதவு, இந்த மூன்றும் எப்போதோ கருவிக்குப் போய்விட்டன. சுரங்கத்தின் நடுவே ரயில் நின்றால் பயணிகளுக்கு யார் தைரியம் சொல்வது என்ற நாலாவது வேலைதான் கடைசி வரை கைமாறவில்லை. 2024-ல் மெஜந்தா லைனில் அவரையும் எடுக்கத் தொடங்கினார்கள். இப்போது அவசரத்துக்குப் பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தினால், எங்கோ கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பேசுவார். குரல் வரும், ஆள் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஏறியதும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கப்போகிறார்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கும் டிரைவர் இல்லாத ரயில்கள்தான். ஸ்ரீசிட்டியில் செய்த முதல் ரயில் 2024-ல் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் சுருக்கிப் பையனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்தப் பிரேக்கை இன்னிக்குக் காலைல செக் பண்ணினாங்களா?" என்றான். தங்கமணி என்னைப் பார்த்தாள். அதற்குள் வசந்த் விஹார் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.