ஆட்டத்தின் வழியே வந்த வாத்தியம்: ஜிம்மி ஹாரிசனின் டிராம்போனும் நம் சின்ன மேளத்துக் கிளாரினெட்டும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் பெருந்தேர் அசைந்து வரும்போது கேட்கும் நாகசுரத்தையும், அங்கிருந்து சுமார் 11 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராஜபாளையத்தில் கல்யாண ஊர்வலத்தின் முன்னால் நடந்துபோகும் பாண்டு செட்டின் முழக்கத்தையும் ஒரே பருவத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, முன்னது சங்கீதம், பின்னது சத்தம் என்னும் பாகுபாடு யாரும் சொல்லிக் கொடுக்காமலே மனத்தில் படிந்துவிடுகிறது. அந்தப் பாண்டு வரிசையில், நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றை வலக்கையால் முன்னுக்குத் தள்ளியும் பின்னுக்கு இழுத்தும் ஊதிக்கொண்டு செல்லும் டிராம்போன்காரரைச் சிறுவர்கள் வியந்து பார்ப்பதுண்டு. ஆனால் அவர் என்ன ஊதுகிறார் என்று காது கொடுத்துக் கேட்பவர் அரிது. கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மின்னும் அந்தக் குழாயின் வளைவிலிருந்து எச்சில் நீரை அவ்வப்போது உதறிவிட்டு அவர் மேற்கொண்டு நடந்து போகிறார். ஊர்வலம் முடிந்ததும் அவருடைய கலையும் முடிந்துவிட்டதாகவே நாம் எண்ணிக்கொள்கிறோம்.

இவ்வாத்தியம் நம்மிடையே தெருவோடு நின்றுவிட்டதற்கும், அமெரிக்காவில் ஒரு தலைமுறைக் காலத்திற்குள் தனி ஆவர்த்தனத்துக்குரிய வாத்தியமாக உயர்ந்துவிட்டதற்கும் காரணம் அதன் இயல்பில் இல்லை, அது புகுந்த இடத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்நிய வாத்தியம் ஒன்று ஒரு நாட்டின் இசைக்குள் குடியுரிமை பெறுவது பெரும்பாலும் ஆட்டத்தின் வழியாகத்தான். ஆகவே ஆட்டக் குழுவில் ஊதிய ஆண்டுகளை ஒரு கலைஞனின் ஆரம்பப் பயிற்சிக் காலமென்று ஒதுக்குவது வரலாற்றாசிரியர்கள் செய்துவரும் பெரும் பிழை என்று நான் கருதுகிறேன். இதனை நிறுவுவதற்கு ஜிம்மி ஹாரிசன் என்னும் கறுப்பினக் கலைஞரின் குறுகிய வாழ்க்கையைக் காட்டிலும் தகுந்த சான்று எனக்குத் தென்படவில்லை.

முதலில் வாத்தியத்தின் இலக்கணம். டிராம்போனில் துளைகள் இல்லை, விரல்களுக்கு வேலையில்லை. ஏறத்தாழ 9 அடி நீளமுள்ள குழாயில் ஒரு பகுதி மற்றொன்றின்மேல் வழுக்கி ஓடும். அவ்வோட்டத்தில் ஏழு நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் சுரம் அரைப்படி இறங்கும். ஒரே மூச்சில் கையை இழுத்தால் ஷட்ஜத்துக்கும் பிரதிமத்யமத்துக்கும் இடையே உள்ள தூரம் முழுவதையும் இடைவெளியின்றிக் கடந்துவிடலாம். ஜாரு என்று நம் வித்வான்கள் சொல்லும் கமகத்தை இதைவிட இயல்பாகத் தரக்கூடிய மேனாட்டுக் காற்று வாத்தியம் வேறொன்று இல்லை. கோட்டுவாத்தியத்தில் திருவிடைமருதூர் சகாராமராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் கட்டையை நகர்த்திக் காட்டிய நயத்தை அநுபவித்த சமூகம், வழுக்கி இசைக்கும் இன்னொரு வாத்தியத்தை ஏறெடுத்தும் பாராமல் போனது, அந்த நயத்தில் நாட்டம் இல்லாமையால் அல்ல என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவிலும் தொடக்கத்தில் அதற்கு இதே கதிதான். நியூ ஆர்லியன்ஸ் நகரத்துத் தெருக்களில் வண்டியேறி விளம்பரம் ஊதிச் சென்ற குழுக்களில், நீளும் குழாய்க்கு இடம் வேண்டுமென்பதற்காக டிராம்போன்காரரை வண்டியின் பின்பலகையில் உட்கார வைத்தார்கள். அங்கிருந்து அவர் கார்னெட்டின் மெட்டுக்கு அடியில் உறுமலும் இழுப்புமாகத் துணை செய்துகொண்டிருந்தார். அந்தப் பாணிக்கே பின்பலகைப் பாணி என்ற பெயர் நிலைத்துவிட்டது. மெட்டு அவருடையதன்று, இழுப்பு மட்டுமே அவருடையது.

ஜிம்மி ஹாரிசன் 1900 அக்டோபர் 17-ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பிறந்தவர். பதினைந்து வயதளவில், ஆசிரியர் துணை பெரிதும் இன்றி, தாமாகவே டிராம்போனைக் கையிலெடுத்தார். ஊர் ஊராகச் செல்லும் கூத்துக் குழு ஒன்றில் சேர்ந்து அலைந்து, 1920-களின் முற்பாதியில் நியூயார்க்கை அடைந்து, ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுக்கள் பலவற்றில் மாறி மாறி ஊதி, 1927-இல் பிளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில் இடம்பெற்றார். அக்குழு அந்நாளில் பிராட்வே வீதியிலிருந்த ரோஸ்லாண்டு ஆட்டக்கூடத்தில் 1924 முதலே வாசித்துவந்தது. கூடத்தில் ஆட வந்தவர்கள் வெள்ளையர் மட்டுமே. மேடையில் ஊதியவர்கள் கறுப்பர்கள். மேடைக்கு ஏறலாம், தளத்தில் இறங்கி ஆடக் கூடாது என்னும் அந்த நியதியை வாசிக்கும்போது, கல்யாண வீட்டு வாசல்வரை முழங்கி வந்த பாண்டுக்காரர்கள் பந்தியெல்லாம் முடிந்த பின்னரே அழைக்கப்பட்டதைக் கண்டிருக்கும் எவருக்கும் நெஞ்சு கனக்காமல் இராது.

அந்த ஆட்டக்கூடமே ஹாரிசனை ஆக்கிற்று. தெருவில் ஊதுபவன் திறந்த வெளியை நிரப்ப வேண்டும். கூடத்தில் ஊதுபவன், இரண்டடி தூரத்தில் சுழலும் கால்களின் லயத்தோடு ஒட்டி, கூரைக்கும் சுவருக்கும் இடையே அடங்கிய ஒலியைத் தர வேண்டும். அதே மக்கள் இரவுதோறும் வருவதால், அதே மெட்டை அதேபடி ஊதினால் சலிப்புத் தட்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் சில ஆவர்த்தனங்கள் தனியே விடப்பட்டன. ஹெண்டர்சன் குழுவில் முன்பு இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எக்காளத்தை ஹாரிசன் ஆராதனைக்குரியதாகக் கொண்டவர். எக்காளம் சொல்லும் வாக்கியத்தை டிராம்போனும் சொல்ல வேண்டுமென்று அவர் விரும்பினார். இழுப்பைக் குறைத்து, சுரங்களைத் தெளிவாகப் பிரித்து, நெஞ்சிலிருந்து பேசுவதுபோல் வாசித்தார். 1928-இல் ஹெண்டர்சன் குழு பதிவுசெய்த ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ இசைத்தட்டில் அவருடைய தனிப்பகுதியைக் கேட்பவர்கள், பின்பலகையிலிருந்து இறங்கி முன்னே வந்து நிற்கும் ஒரு மனிதனையே கேட்கிறார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் 1905-இல் பிறந்த வெள்ளையர் ஜாக் டீகார்டன் 1920-களின் பிற்பகுதியில் நியூயார்க்குக்கு வந்தபோது, ஏற்கெனவே தாமும் அதே முடிவுக்கு வந்திருந்தார், இருவரும் நண்பர்களாயினர். சிறு வயதில் குழாயின் கோடிவரை கை எட்டாத குறையால், தொலைவான நிலைகளைத் தவிர்த்து உதட்டின் இறுக்கத்தாலேயே சுரங்களை எடுக்கப் பழகியவர் டீகார்டன். இங்கே நம் நாகசுரக்காரர்கள் உடனே ஒரு நெருக்கத்தை உணர்வார்கள்: அவர்களும் துளையை மட்டும் நம்பாமல், சீவாளியில் உதடு கொடுக்கும் அழுத்தத்தாலும் மூச்சின் வேகத்தாலும் அல்லவா அரைச் சுரங்களையும் அசைவுகளையும் உண்டாக்குகிறார்கள்? கருவி எந்த நாட்டினதாயினும், உயிர் உதட்டில்தான் இருக்கிறது.

ஹாரிசனின் காலம் நீளவில்லை. 1930-இன் இறுதியில் பென்னி கார்ட்டர், கோல்மன் ஹாக்கின்ஸ் முதலியோருடன் ‘சாக்கலேட் டாண்டீஸ்’ என்ற பெயரில் சில தட்டுகளைப் பதிவுசெய்தார். வயிற்று நோய் முற்றி, 1931 ஜூலை 23-இல் முப்பது வயதில் மறைந்தார். நியூயார்க்கில் அவர் ஊதியது பத்தாண்டுகூட நிறையவில்லை. அவர் பெயரால் நிலைத்த குழு இல்லை. இருந்த ஆண்டுகள் முழுவதும் ஆட்டக் குழுவின் ஆண்டுகளே. அவற்றை ஆரம்ப காலம் என்று தள்ளினால் ஹாரிசன் என்பவரே இல்லாமற் போவார். ஆனால் அவருக்குப் பின் வந்த டிராம்போன்காரர் பலர் பின்பலகைக்குத் திரும்பிப் போகவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேனாட்டுக் காற்று வாத்தியங்கள் நமக்குப் பட்டாளத்தின் வழியே வந்தவை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டு முறையில் ஒரு பாண்டை வைத்திருந்தார்; சென்னைக் கோட்டைப் பாண்டின் மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்த நோட்டுசுரங்கள் இன்றும் பாடப்படுகின்றன. மெட்டு இவ்வளவு எளிதாக உள்ளே வந்துவிட்டது. காற்று வாத்தியங்கள் நெடுங்காலம் வாசலிலேயே நின்றன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று கிளாரினெட். அது உள்ளே வந்த வழி கச்சேரி மேடையன்று, சதிர் என்னும் தாசியாட்டம்.

கோயிலின் பெரிய மேளத்துக்கு நாகசுரமும் தவிலும் போல, தாசியாட்டத்துக்குரிய சின்ன மேளத்துக்கு முகவீணையும் மிருதங்கமும் சுருதிக்குத் துத்தியும் உரியவை. 19-ஆம் நூற்றாண்டில் மகாதேவ நட்டுவனார் இந்தச் சின்ன மேளத்தில் கிளாரினெட்டைப் புகுத்தினார் என்பது இசை வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. அதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடுபவளுக்குப் பின்னால் நின்று, நட்டுவனாரின் பாட்டைச் சொல்லுக்குச் சொல் தொடர்ந்து, ஒரே வரியை அபிநயத்துக்காகப் பத்து விதமாகத் திருப்பித் திருப்பி ஊத வேண்டிய கட்டாயம், பட்டாளத்து வாத்தியம் ஒன்றைப் பதம் பாடக் கற்பித்தது. விளம்ப காலத்துப் பதமொன்றில் பாடுபவரின் குரல் ஒரு சுரத்தில் நின்று அசையும்போது, பின்னிருந்து அதே அசைவை ஊதிக் காட்டியவருக்குக் கமகம் என்பது சாஸ்திரமாக அல்ல, பிழைப்பாகவே கைவந்தது. ரோஸ்லாண்டில் ஹாரிசனுக்கு நேர்ந்ததும் இதுவேயன்றோ?

டிராம்போனுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. அதன் குரல் பெண் குரலுக்குக் கீழே, மிகத் தாழ்ந்து ஒலிப்பது; முகவீணையின் இடத்தில் வைக்க ஏற்றதன்று என்று சொல்வார்கள். அது உண்மையே, அதை நான் மறுக்கவில்லை. உதட்டின் இறுக்கத்தை மாற்றி ஒரு சுர வரிசையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது இழுப்பு அறுபடும் என்ற குறையும் உண்டு. ஆனால் நம் கமகங்களில் மிகப் பலவும் நான்கைந்து சுரத்தானங்களின் எல்லைக்குள் அடங்குபவை. அந்த எல்லைக்குள் அறுபடாமல் ஊத அவ்வாத்தியத்தால் இயலும். தாழ்ந்த குரலை மேலெடுத்துப் பாட வைக்கலாம் என்பதை டீகார்டனின் உதடுகள் காட்டிவிட்டன. வாத்தியத்தால் ஆகாதது அன்று. பாட்டோடு சேர்ந்து, ஓர் அறைக்குள், இரவுதோறும் ஊதும் வேலையை அதற்கு யாரும் கொடுக்கவில்லை. தெருவைத் தவிர வேறிடம் தராமல் வைத்துவிட்டு, தெருவில் முழங்குகிறது என்று குறைசொல்வது நியாயமாகாது.

சதிரின் கதை பின்னர் எப்படிப் போயிற்று என்பது யாவரும் அறிந்தது. 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவியின் அரங்கில் கிளாரினெட்டின் இடத்தில் புல்லாங்குழல் அமர்ந்தது. 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. ஆடற்கலைஞர் பாலசரஸ்வதியின் குழுவில் மட்டும் கிளாரினெட் நெடுநாள் விடாது ஒலித்தது. ஆயினும் அதற்குள் அவ்வாத்தியம் நம்முடையதாகிவிட்டது. 1931-இல் பிறந்த ஏ. கே. சி. நடராஜன், ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும் இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரமும் பயின்று, இளமையில் அகில இந்திய வானொலியில் பணிபுரிந்து, பின்பு தனிக் கச்சேரிக்கென்றே வெளிவந்தபோது, ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று அவரைச் சிறப்பித்தவர் நாகசுர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையே. 2008-இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கிற்று. அந்தப் பட்டத்தில், ஆடுபவளின் முதுகுக்குப் பின்னால் நின்று ஊதிப் பெயரின்றி மறைந்த இரண்டு மூன்று தலைமுறைக் கிளாரினெட்காரர்களுக்கும் பங்குண்டு என்று சொல்வது அவருடைய மேதையைக் குறைப்பதாகாது.

ஹாரிசனை நாம் இன்று எடைபோட முடிவதற்குக் காரணம், மூன்று நிமிஷம் ஓடும் சில அரக்குத் தட்டுகள். நம் ஊர்ப் பாண்டு செட்டுக்காரர்களின் ஊதலைப் பதிந்து வைத்த தட்டு இல்லை. அவர்களுடைய இளமைக் காலமும் முதுமைக் காலமும் ஒருசேரக் காற்றோடு போயின. ஆனால் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பழைய வீடுகளின் சுவர்களில் கல்யாணப் படங்கள் இன்னும் தொங்குகின்றன. அவற்றில் சிலவற்றின் ஓரத்தில் சரிகைத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் சட்டையும் அணிந்து, நீண்ட குழாயை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் நிற்பதைக் காணலாம். அவரை அறிந்த முதியவர்கள் உயிரோடிருக்கும் இப்பொழுதே, அவர் பெயரையும் ஊரையும், அவர் யாரிடம் கற்றார், எந்த ஆண்டு ஊதினார் என்பதையும் அந்தப் படத்தின் பின்புறத்தில் எழுதி வைக்குமாறு, அத்தகைய படம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டாரையும் வேண்டிக்கொள்கிறேன்.